சாயம் என்றுதான் நினைத்தோம்

இந்த டைரி போன வருஷத்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் விற்காமல் தங்கிப்போனதை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை. அதனால் என்ன? எனக்கு இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏறுகிற நாள் மட்டும்தான் நாள். மற்றதெல்லாம் விடிகிறது, இருட்டுகிறது.

பொன்னுத்தாய்க்காக இதை எழுத ஆரம்பிக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் பதினாலு வருஷம் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவள். என்னைவிட எட்டு வயது இளையவள். எனக்கு வந்த அறிகுறி அவளுக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வாடி என்றால் வர மாட்டேன் என்கிறாள். சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர்தான் வற்றியது. நான் வாயைத் திறந்தால் நாலாவது வார்த்தை சண்டையாகிவிடும், என் ராசி அப்படி. எழுதிக் கொடுத்தால் படித்துப் பார்த்து பயந்தாவது வருவாள். எனக்கு முற்றிப்போனது அவளுக்கும் முற்றக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் ஒரு பொம்பளை இத்தனை முட்டாளாக இருப்பாளா என்று தோன்றும். சாத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் சரம் பின்னுகிறவள் நான். ஒற்றை ஒற்றை வெடியாக எடுத்து, திரியோடு திரி சேர்த்து, மாலை கட்டுகிற மாதிரி பின்ன வேண்டும். ஓர் அறையில் நாலு பேர்தான் உட்காரலாம் என்பது விதி. வெடியைச் சுற்றியிருக்கிற சிவப்புத் தாள் வேர்வை பட்டால் சாயம் விடும். பத்து மணிக்கெல்லாம் பத்து விரலும் ரோஸ். மூக்கைச் சிந்தினால் ரோஸ், துப்பினால் ரோஸ், ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றினால் ஓடுகிற தண்ணீரும் ரோஸ். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒரு கோடு நிற்கும். மத்தியானம் அந்தக் கையால்தான் சோற்றைப் பிசைவோம். சோறும் நிறம் மாறும். "இன்னைக்கு என்னக்கா, பீட்ரூட் சாதமா?" என்று கேலி செய்துகொண்டே தின்போம்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஆவணி மாதம் அது. இரண்டு நாளாக வெளிக்குப் போனால் சிவப்பாகப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் சொல்கிற விஷயமா? ஆனாலும் எனக்கு மனதில் வைக்கத் தெரியாது.

"ஏ புள்ளைகளா, எனக்கு ரெண்டு நாளா செவப்பாப் போகுதுடி. பயமா இருக்கு."

மற்ற இரண்டு பேரும் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்கள். பொன்னுத்தாய் சட்டென்று சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான்க்கா."

"உனக்குமா?"

"ஆமாக்கா. சாயம் வயித்துக்குள்ள போகுதுல்ல, அதான். ரெண்டு வாளப்பளம் தின்னுங்க, கழுவிக்கிட்டுப் போயிரும். எனக்கு எம்புட்டு நாளா இருக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவ்வளவுதான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. சாயங்காலமே வாழைப்பழம் வாங்கித் தின்றேன். நாங்கள் எல்லாம் தீக்குப் பயந்தவர்கள். கம்பெனிக்குள் செருப்பில்லாமல் நடப்போம், இரும்புச் சாமான் கீழே விழுந்தால் உயிர் போய் உயிர் வரும். வீட்டுக்காரர் சாயங்காலம் என்னைப் பார்க்கிற பார்வையே கை கால் முழுசாக இருக்கிறதா என்றுதான் இருக்கும். உள்ளே ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

தீபாவளி கழிந்து கம்பெனி அடைத்தார்கள். இரண்டு வாரம் வேலை இல்லை. கை வெளுத்துவிட்டது. சிவப்பு நிற்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, கேட்கவும் செய்தேன். "ஊறிப்போன சாயம்க்கா, லேசுல போகாது" என்றாள் பொன்னுத்தாய். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன். எனக்கும் அந்தப் பதில்தானே வேண்டியிருந்தது.

தை மாதம் வீட்டுக்காரருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், ஏழு ஊரில் ஆள் ஏற்றி வந்து இறக்குவார். அதிகம் பேச மாட்டார். எனக்கும் சேர்த்து அவர் அமைதி, அவருக்கும் சேர்த்து நான் பேச்சு. மூலம் என்று அவராகவே முடிவு கட்டினார். அன்றிலிருந்து தினம் வேனை ஓரமாக நிறுத்தி, துத்தி இலை பறித்துக்கொண்டு வருவார். விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டச் சொல்வார். கருணைக்கிழங்கு வாங்கி வருவார். வேனில் வருகிற பெண்கள் எல்லாம் "அண்ணே, யாருக்கு இலை?" என்று கேட்டு, ஏழு ஊருக்கும் என் மூலம் தெரிந்துபோனது. நான் திட்டினேன். ஆனாலும் கட்டிக்கொண்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரி கூடத் தெரிந்தது. அப்படித்தான் ஏமாற்றுகிறது.

மாசிக் கடைசியில் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. மூன்று நாள் எதுவும் போகவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அதே வேனில் போட்டுக்கொண்டு விருதுநகருக்கு ஓடினார்கள். அங்கே இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா ரத்தம் போகுது?" என்றார்.

"ரத்தம் இல்ல சார், சாயம்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறேன் என்று மெதுவாகக் கேட்டார். நான் ரோஸ் கோடு நிற்கிற நகக்கண்ணை அவரிடம் நீட்டிக் காட்டினேன்.

கொலனோஸ்கோபி என்றார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள ஒரு குழாயைப் பின்வழியாக விட்டு, குடலை உள்ளிருந்து பார்ப்பது. முன்னாடியே குடலைக் கழுவிவிடுவார்கள், கழுவுவதுதான் பெரிய பாடு, குழாய் அல்ல. மயக்கம் பாதி கொடுத்திருந்தார்கள். கூச்சத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். எனக்குக் குழாய் பாதி தூரத்துக்கு மேல் போகவில்லை. வழி அடைத்திருந்தது. அங்கேயே ஒரு துணுக்குக் கிள்ளி எடுத்தார்கள், அதற்குப் பெயர் பயாப்ஸி. இவ்வளவுதான் சோதனை. ஆவணியிலேயே இதைச் செய்திருந்தால் அரை நாள் கூலியோடு போயிருக்கும்.

முடிவை என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேனுக்கு டீசல் போட வேண்டும் என்றார். பின் டயர் தேய்ந்துவிட்டது என்றார். அவர் தானாகவே இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிய உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"புத்துநோயாங்க?" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்தது, அந்தக் கவலையை இங்கே எழுதப் போவதில்லை. ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். தொண்டையிலிருந்து கீழே வரைக்கும் சூடு பரவி, சேலையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று பதறினேன். போகவில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். குடலில் இருந்தது முதல் கட்டி. கல்லீரலில் ஒரு புள்ளி. குடலில் பிறந்தது ரத்தத்தோடு போய் அங்கே குடியேறியிருக்கிறது. குடல் அடைத்திருப்பதால் முதலில் அதை வெட்டி எடுத்துவிடுவது, கல்லீரல் புள்ளி பெரிய ரத்தக் குழாய்க்கு ஒட்டி இருப்பதால் இப்போது கை வைக்க முடியாது, மருந்து கொடுத்துச் சுருங்கினால் பிறகு வெட்டலாம். சுருங்கினால்.

பெண்கள் வார்டில் ஆம்பளை தங்க முடியாது. என் மகள் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. யார் தங்குவது என்று யோசித்து முடிப்பதற்குள் பொன்னுத்தாய் ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றாள். கூப்பிடவே இல்லை. ஒன்பது நாள் கூலியை விட்டுவிட்டு என் கட்டிலுக்குக் கீழே படுத்தாள். தலை வாரிவிட்டாள், வாய் கொப்பளிக்க வைத்தாள், வயிற்றிலிருந்து வடிகிற குழாய்ப் பையை முகம் சுளிக்காமல் கொண்டுபோய் ஊற்றினாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாள். உண்மைதான். ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லாம் செய்தாள், என் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் எனக்கு வாய் திரும்பிவிட்டது.

"ஏ பொன்னு, ஆஸ்பத்திரியிலதான கெடக்க. நீயும் ஒரு சீட்டுப் போட்டு காட்டிருடி."

"எனக்கு நின்னுபோச்சுக்கா."

"நின்னுபோச்சா? இது என்ன மழையாடி, நிக்கிறதுக்கு? எனக்கும்தான் நடுவுல நின்னுச்சு. பெறகு என்ன ஆச்சு?"

"நீங்க செத்த பேசாம இருங்கக்கா. தையல் பிரிஞ்சிறப் போகுது."

"உனக்கும் இப்படித் தையல் போடணுமாக்கும்?"

எழுந்து சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் பிடிக்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. பயம்தான் என்று நினைத்தேன். பயந்தவளை மேலும் பயமுறுத்த மனம் வராமல் அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பிய பத்தாம் நாள், வெட்டி எடுத்த குடலை வைத்து இன்னொரு சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு மெழுகுக் கட்டியை வாங்கி வெளியே ஒரு ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். வெட்டிய சதையை மெழுகில் பதித்துச் சின்னச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். என் குடல் அங்கே ஒரு டப்பாவில் சோப்புத் துண்டு மாதிரி கிடந்தது. அதைக் கையில் கொடுத்த டாக்டரம்மா தடித்த கண்ணாடி போட்டிருந்தார். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் அல்ல, சதையை மட்டும் பார்க்கிற டாக்டர். அறையில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது.

"எனக்குள்ள இருந்ததை நானும் ஒரு தடவை பாக்கலாமா டாக்டரம்மா?"

வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வைத்து, நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

குனிந்து பார்த்தேன். ரோஸ். என் கையில் பதினாலு வருஷம் ஒட்டிக்கிடந்த அதே ரோஸ். நடுவில் அங்கங்கே ஊதாவாக வளையங்கள்.

"இது சாயமா?" என்றேன்.

"ஆமாம்மா. சதையை அப்படியே வெச்சா ஒண்ணும் தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். சாயம் போட்டாத்தான் எது எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியும். ஊதாவா வளையம் வளையமா இருக்கே, அது புத்துச் செல். ரோஸா இழை இழையா ஓடுதே, அது நார்."

எனக்குப் படிப்பு பத்தாவதுதான். ஆனால் நிறம் தெரியும். ஒரு கட்டுத் தாளில் சாயம் கூடியிருந்தால் தொடாமலே சொல்வேன்.

"ரோஸ் கூடிப்போச்சே டாக்டரம்மா. ஊதா கொஞ்சந்தான இருக்கு? அப்ப நல்லதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

நம் உடம்பில் இணைப்புத் திசு என்று ஒன்று இருக்கிறது. சதையையும் தோலையும் ஒன்றோடொன்று பிடித்து வைப்பது அதுதான். அதில் நார் நெய்கிற செல்கள் இருக்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் இந்தச் செல்கள் ஓடி வரும். நாரை நெய்து புண்ணை மூடும். தழும்பு இறுகுகிறதே, அது அவற்றின் வேலை. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். புற்று என்ன செய்கிறது என்றால், இங்கே புண் இருக்கிறது, வாருங்கள் என்று அதே அழைப்பை அனுப்புகிறது. நார்ச் செல்களும் நல்ல மனதோடு ஓடி வருகின்றன. நெய்கின்றன. ஆனால் இந்தப் புண் ஆறுவதே இல்லை, அழைப்பு நிற்பதே இல்லை. அதனால் நெய்துகொண்டே இருக்கின்றன. நெய்வதோடு விடாமல், புண் ஆறட்டும் என்று வளர்ச்சிக்கான ஊட்டத்தையும் அனுப்புகின்றன. அதைத் தின்று புற்று வளர்கிறது.

"அப்ப நம்ம ஒடம்புல காவலுக்கு ஆளே இல்லையா?"

"இருக்காங்களே. ஓரத்துல பாருங்க, கடுகு தெளிச்ச மாதிரி நீலப் புள்ளி."

பார்த்தேன். நீலப் புள்ளிகள் கூட்டமாக நின்றன, எல்லாம் ரோஸுக்கு வெளியே. ஊதா வளையத்துக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"அதுதான் எதிர்ப்புச் செல். புத்து இருக்குன்னு தெரிஞ்சு வந்திருக்கு. ஆனா உள்ள போக முடியல. நாரே சுவரா நிக்குது. அதோட, நார்ச் செல்லும் புத்தும் சேர்ந்து ஒரு சமிக்ஞை விடுது. இங்க புண்ணு ஆறிக்கிட்டிருக்கு, நீங்க சத்தம் போடாதீங்கன்னு. காவல் செல் அதை நம்பி நின்னுருது."

"அந்த நாரைக் கொல்ல மருந்து இல்லையா?"

"அவ்வளவு சுலபமா இருந்தா நல்லாத்தான் இருக்கும். அதுல சிலது புத்தைப் பரவ விடாமக் கட்டியும் வைக்குது. மொத்தமா அழிச்சா வேற வினை ஆயிடலாம். எது நமக்கு, எது அதுக்குன்னு பிரிக்கத்தான் இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கோம்."

விரல் கண்ணைக் குத்தினால் விரலை வெட்டி எறியவா முடியும் என்பார்கள். அதை நான் சும்மா வாயில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ரோஸ் கூடியிருந்தால் கொஞ்சம் கெட்டது என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? நல்லது செய்ய வந்த செல் மேலா? திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வழியில் துத்திச் செடி தெரிந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

வெளியே அனுப்பிய சோதனையில் ஒரு நப்பாசை இருந்தது. காவல் செல்லைத் தட்டி எழுப்புகிற மருந்து ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் கேட்காது. செல் பிரியும்போது மரபணுவைப் படியெடுப்பதில் வருகிற எழுத்துப் பிழையைத் திருத்த நாலு புரதம் இருக்கிறதாம். அதில் ஏதாவது காணாமல் போயிருந்தால் அந்தப் புற்றில் பிழை மலிந்து கிடக்கும், காவல் செல்லுக்கு அடையாளம் சுலபமாகத் தெரியும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். தாள் வந்தது.

"நாலும் இருக்கும்மா" என்றார் மருந்து கொடுக்கிற டாக்டர்.

"அப்பாடா" என்று கும்பிட்டேன்.

"இல்லம்மா. ஒண்ணாவது இல்லாம இருந்திருந்தாத்தான் அந்த மருந்து கேக்கும்."

எல்லாம் சரியாக இருக்கிறது, அதனால் ஒன்றும் செய்வதற்கில்லை. இப்படி ஒரு பதிலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேன், பிறகு அந்த மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அந்த வரிசையில் எல்லோருக்கும் ஒரு நாள் அப்படி இருந்திருக்கும்.

ஆகவே பழைய மருந்துதான். கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏறும், பிறகு பதினாலு நாள் மாத்திரை. முடி முழுசாகக் கொட்டவில்லை. விரல்தான் போயிற்று. குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஆயிரம் ஊசி குத்துகிறது. குழாயைத் திறக்க முடியாது, எவர்சில்வர் டம்ளரைத் தொட முடியாது. வீட்டுக்காரர் டம்ளரைத் தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்திருந்து, சூடு ஏறின பிறகு என்னிடம் கொடுப்பார். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. எட்டு முறை ஏறியாயிற்று. இப்போது விரல் நுனிகள் மரத்துவிட்டன. சேலைக் கொசுவத்தைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சரம் பின்னியவள் நான். திரியை இப்போது என்னிடம் கொடுத்தால் திரி என்றே தெரியாது.

எட்டாவது முறைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரல் புள்ளி வளரவில்லை. குறையவும் இல்லை. விரலுக்காகவும் ரத்த அணு குறைந்ததற்காகவும் ஆறு வாரம் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். பிறகு மறுபடி மருந்து, மறுபடி ஸ்கேன். "பாப்போம்மா" என்கிறார் டாக்டர். அவரும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். வேறு ஒன்றும் என் கையில் இல்லை.

என் கையில் இருப்பது பொன்னுத்தாய் ஒருத்திதான். அவளுக்கு இன்னும் குழாய் உள்ளே போகும். அவளுக்குப் புள்ளி எங்கேயும் போயிருக்காது. பொன்னு, இதைப் படித்தால் தயவுசெய்து வாடி. இத்தனை பக்கம் நான் உட்கார்ந்து எழுதினதே அதற்குத்தான்.

மேலே இருப்பது போன வாரம் வரை எழுதியது. டைரியைக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்குள் வேறு வழி கிடைத்துவிட்டது.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்தாயிற்று. சீசன், ஆர்டர், லோடு என்று இனி சாக்குச் சொல்ல முடியாது. வீட்டுக்காரரிடம் சொல்லி, புதன்கிழமை காலையில் வேனை அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். எனக்குத் துணைக்கு விருதுநகர் வரை வா என்று கூப்பிட்டேன். எனக்கு என்றால் வருவாள், அது தெரியும். ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் முன்னாடியே போய் அவள் பெயருக்குச் சீட்டுப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் பின் டயர் தேய்ந்த கதையை வீட்டுக்காரர் சொன்ன அதே பெஞ்சு.

உள்ளிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "பொன்னுத்தாய்!"

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"எந்திரி. நான் பக்கத்துலயே நிக்கேன். அரை நாள் வேல. முன்னாடியே வந்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன். உனக்காவது..."

"வேண்டாம்க்கா."

"அடிச்சு இழுத்துட்டுப் போவேன்டி. எம்புட்டோ நாளா ரத்தம் போகுதுன்னு நீதான சொன்ன?"

"பொன்னுத்தாய் யாரும்மா?" என்று மறுபடி கூப்பிட்டார்கள்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறாள் என்பது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

"எனக்கு வரவே இல்லக்கா."

"என்னது வரல?"

"ரத்தம். ஒரு நாளும் வந்ததில்ல. அன்னைக்கு நீங்க சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு பயமா இருக்குன்னு சொன்னீக. ஒங்க மூஞ்சி போன போக்கைப் பாத்து எனக்குத் தாங்கல. நீங்க பயந்திறக் கூடாதேன்னு சும்மா சொன்னேன். சொன்னதும் நீங்க சிரிச்சீக. சோறு தின்னீக. பெறகு ஒவ்வொரு தடவயும் கேட்டீக. நான் என்ன சொல்ல? சாயமாத்தான் இருக்கும்னு நானே நம்பிட்டேன்க்கா. ஆஸ்பத்திரியில ஒம்பது நாளும் சொல்லிறணும், சொல்லிறணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

என் மடியில் முகத்தை வைத்துவிட்டாள். அறைய வேண்டும் போல இருந்தது. ஆறு மாதம் சிரிக்க வைத்தாளே என்று கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அந்த ஆறு மாதத்தில்தான் புள்ளி கல்லீரலுக்குப் போயிருக்கும் என்பதும் தெரியும். நானும் வேறு யாரிடமும் கேட்காமல் அவளிடமே கேட்டேனே, அதுவும் தெரியும்.

எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்காரர் டீயோடு வந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல், டம்ளரைக் கைக்குள் வைத்தபடி நின்றார். நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"பொன்னுத்தாய்னு ஒரு சீட்டு இருக்கே, ஆள் எங்கம்மா?"

அவள் தலையில் என் கை இருந்தது. "அடுத்த ஆளைக் கூப்பிடுங்கம்மா" என்றேன். "இவளுக்கு ஒண்ணும் இல்ல."